பள்ளத்தில் விழும் தொப்பிக்காரன்

மார்ச் 4

திரைச்சீலை தைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால், நாத்தனார் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கவாதம் வந்த என் வீட்டுக்காரர் கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கைப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா சொன்னாராம். அதற்காக, சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்டு ஆடிய வீடியோ கேம் எல்லாம் அடங்கிய ஒரு குட்டிப் பெட்டி. தொப்பிக்காரன் ஒருவன் ஓடுவான். பள்ளம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும்.

"இவ்வளவு பெரிய டிவில படம் ஏன் இத்துனூண்டு வருது?"

"செட்டிங்ல இருக்கு அண்ணி, பெருசா வெச்சுக்கோங்க."

மார்ச் 5

படத்தின் அளவு என்று 240, 480, 720, 1080, 4கே. எது? இருப்பதிலேயே பெரியதை வைத்தேன். படத்தை மெருகேற்றும் வசதி ஒன்று டிவியில் இருந்தது, அதையும் போட்டேன். திரை ஓரம் வரை இழுத்துவிட்டதில் தொப்பிக்காரன் குண்டாகிவிட்டான். இருக்கட்டும், நன்றாகத் தெரிகிறான்.

மார்ச் 8

பள்ளத்துக்கு முன்பே அழுத்துகிறார். அவன் விழப்போகும்போதுதான் குதிக்கிறான். ஒவ்வொரு முறையும்.

"பாத்தியா? மூளை சொல்றது கைக்கு லேட்டா போகுது."

டாக்டரம்மா கை தேறுகிறது என்கிறாரே? யாரை நம்புவது?

மார்ச் 9

ரிமோட் போன்ற அந்தக் கைப்பிடியைச் சோபா இடுக்கில் செருகிவிட்டார்.

மார்ச் 11

"பூட்டிக் கிடக்குற நம்ம சலூனைக் கொடுத்துடலாம். பக்கத்து செல்போன் கடைக்காரர் கேட்டுக்கிட்டேதான இருக்காரு."

ஒரு தொப்பிக்காரன் விழுந்ததற்கா? கத்தரி பிடிக்கிற கை அது, அவருக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13

அவர் குளிக்கப் போனபோது சோபா இடுக்கிலிருந்து எடுத்து நான் ஆடிப் பார்த்தேன். விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். எனக்கென்ன கேடு, என் கை நல்லாத்தானே இருக்கு? பட்டனைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன் – 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகு, ஆற அமரக் குதிக்கிறான்.

ஐயோ. லேட்டு டிவில. இத்தனை நாளா அந்த மனுஷன் தன் கையைத் திட்டிட்டு இருக்காரு. பெருசா இருக்கட்டும்னு வெச்சது நான்தானே!

மார்ச் 14

இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒரு நியாயம். பழைய படத்தில் 240 வரிதானாம். 4கே என்றால் 2160 வரி, அதற்குச் சரியாக ஒன்பது மடங்கு, அதுவே உத்தமம் என்கிறார் ஒருவர். குட்டிப் பெட்டிக்கு அது குருவி தலையில் பனங்காய் என்கிறார் இன்னொருவர். 1080தான் எல்லோரும் வைப்பது என்கிறார் மூன்றாமவர். தலை சுற்றியது.

கடைசியில் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். 1080 என்றால் நாலரை மடங்கு. கட்டம் போட்ட துணியில் அரைக் கட்டத்தை எங்கே ஒட்டுவது? ஒரு வரி தடிக்கும், ஒரு வரி மெலியும். 720 என்றால் கச்சிதமாக மூன்று. பெட்டிக்கும் மூச்சு வாங்காது. 720 வைத்தேன். மெருகேற்றுவதை நிறுத்தி, ஆட்டத்துக்கென்று டிவியில் இருந்த 'கேம் மோட்' போட்டேன். ஓரம் வரை இழுத்ததையும் எடுத்துவிட்டேன்; இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தது, தொப்பிக்காரன் இளைத்தான்.

தாண்டிவிட்டேன்! சரியாகத்தான் வைத்தேனா, குருட்டாம்போக்கில் அமைந்ததா, சத்தியமாகத் தெரியவில்லை.

மார்ச் 15

"சமாதானம் சொல்லாத" என்றார். பழைய செட்டிங்கில் விழுந்து காட்டினேன். புதியதில் தாண்டிக் காட்டினேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

முதல் பள்ளம் தாண்டினார். இரண்டாவதும். மூன்றில் விழுந்தார். கைப்பிடியை வாங்கி வைக்கக் கையை நீட்டினேன். அவரோ சிரிக்கிறார்.

"இது நான் விழுந்தது. என் கை எவ்வளவு லேட்டுன்னு இப்பத்தான் தெரியுது."

அப்போது கை நன்றாக இருக்கிறதா, இல்லையா? இதற்கு நான் சந்தோஷப்படுவதா, அழுவதா? கேட்பதற்குள் அடுத்த ஆட்டம் ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 16

செல்போன் கடைக்காரரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர்தான் சொல்லச் சொன்னார்.

ஏப்ரல் 20

சலூனைத் திறந்து தூசி தட்டினோம். முதல் ஆளாக என்னையே நாற்காலியில் உட்காரவைத்து முன்முடியை வெட்டினார். கத்தரி மெதுவாகத்தான் போனது. கண்ணாடியில் பார்த்தேன், இடது பக்கம் முடி ஒரு விரல் அளவு ஏறியிருக்கிறது.

"கண்ணாடில ஏதோ கோளாறு போல" என்றேன்.

"கண்ணாடி மேல பழி போடாத, என் கைதான். ஆடாம உக்காரு, சரி பண்றேன்."

உட்கார்ந்தேன்.