மஞ்சள் நூல் ஜெயித்த வருஷம்

செத்தும் என்னை நிம்மதியாக இருக்க விடாத என் ஏகாம்பரம் மச்சானுக்கு,

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. இந்த ஏழு மாசத்தில் உன்னை நினைத்து அழுததைவிட உன்னைத் திட்டியதுதான் அதிகம். உன் தங்கச்சியே இதற்குச் சாட்சி. போன வாரம் தியேட்டர் ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்து உன்னை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, செத்தவரோடு என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போனாள். சண்டைதான். உயிரோடு இருந்திருந்தால் நேரில் போட்டிருப்பேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானும் என் பெண்டாட்டியின் அண்ணனான நீயும் சேர்ந்து ஆரணியில் ஒரே ஒரு திரை வைத்த தியேட்டரை நடத்தினோம். பின்னால் எந்தப் பெரிய கம்பெனியும் கிடையாது. பொங்கல் படங்கள் ஓடி முடிந்து தியேட்டரில் ஈ ஓட்டுகிற தை, மாசி மாசங்களில், உலகத்தில் விருதுக்குப் போட்டி போடுகிற படங்களில் ஐந்தைப் பிடித்து வந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டமாகப் போட வேண்டும் என்று உனக்கு ஒரு கிறுக்கு. ஆரணியில் இதையெல்லாம் யாரய்யா பார்ப்பான் என்று நான் கத்தினேன். நீ அசரவில்லை.

"எங்கியோ கோட்டு போட்டுகினு ஒக்காந்துகினு இருக்கறவன் ஓட்டு போட்டு நல்ல படம் எதுன்னு சொல்றான். ஆரணிக்காரனுக்கு மட்டும் கண்ணு இல்லியா மாப்ள?"

அப்படித்தான் நம் ஊர் ஓட்டு வந்தது. ஐந்து ஞாயிறு, ஐந்து படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கலர். ஆறாவது ஞாயிறு, தனக்குப் பிடித்த படத்தின் கலரில் ஒரு பட்டு நூல் துண்டை, தறியில் மிஞ்சியதை, ஆளுக்கொன்று கொண்டுவந்து டிக்கெட் கவுன்டர் பக்கத்துக் கயிற்றில் கட்ட வேண்டும். தறி இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வருவார்கள். எந்தக் கலர் அதிகமோ அதுதான் ஆரணியின் சிறந்த படம். ஏழாவது ஞாயிறு அந்தப் படத்தை மறுபடி போடுவோம், வீட்டோடு வந்து பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்னிடம் கேட்டதும் அதைத்தான். பெண்டாட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை மட்டும் நிறுத்திடாதே என்றாய். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலால் இன்றைக்கு நான் படும் பாடு உனக்குத் தெரியுமா?

படங்களை வாங்கிவிட்டேன். சென்னைக்கு நாலு முறை அலைந்து, கெஞ்சி, வாங்கிவிட்டேன். ஒரே சமையலறையில் பதினோரு வருஷம் பேசாமலேயே சமைக்கிற அக்கா தங்கச்சி கதை ஒன்று வந்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்து, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனது. அதற்கு நீலக் கலர் வைத்தேன். இன்னொன்று, பனிக்கட்டிக்கு நடுவில் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து ரேடியோ ரிப்பேர் செய்கிற படம். இரண்டே முக்கால் மணி நேரம் அதைத்தான் செய்கிறான். பாதிப் பேர் குறட்டை. அதற்கு மாம்பழ மஞ்சள். எந்தப் படத்துக்கு எந்தக் கலர் என்பதை ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஓட்டு ஞாயிறு அன்று கயிற்றைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. முழுக்க மஞ்சள். நடுவில் இரண்டு மூன்று நீலம், ஒரு பச்சை, அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர்க்காரன்தான் ஆரணியின் சிறந்த படம் என்று மைக்கில் அறிவித்தேன். ஒரு கைதட்டல் இல்லை. முன்வரிசையில் நெசவுக்காரர் தண்டபாணி எழுந்தார்.

"இன்னாங்க இது, அந்தப் படத்துல நாங்கல்லாம் தூங்கிகினு இருந்தோம். அதுக்கா மொதல் பரிசு?"

கட்டியது நீங்கள்தானே என்று நான் எகிறினேன். அவர் நிதானமாகவே பதில் சொன்னார். இந்த வருஷம் கல்யாணச் சீசனுக்கு ஒரே பெரிய ஆர்டராம், மூன்று மாசமாகத் தெருத்தெருவாக மாம்பழ மஞ்சள்தான் ஓடுகிறதாம். நீலத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டிலும் அதே மஞ்சள்தானே? வராமல் இருந்திருக்கலாமே என்றேன். அந்த நாளில் வெறுங்கையோடு வர மனசு வருமா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார் பார், அதுதான் என்னைப் போட்டுத் தள்ளியது.

"ஏகாம்பரம் இருந்தா தை பொறந்ததுமே தெருவுல வந்து, தறியில இன்னா கலர் ஓடுதுன்னு கேட்டுகினு போவாரு. அப்பறந்தான் படத்துக்குக் கலரு வெப்பாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வருஷா வருஷம் தை பிறந்ததும் மூன்று நாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு நீ காணாமல் போவாய். வேலை நேரத்தில் பஜ்ஜி தின்னவும் ஊர்வம்பு பேசவும் சுற்றுகிறான் என்று உன் தங்கச்சியிடமே உன்னைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறேன். நீயும் சிரித்துக்கொண்டு போய்விடுவாய். ஏன்யா சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? எல்லோரையும் கேட்டாய், எனக்கு மட்டும் எதையும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரூல் ரூல்தான் என்று மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஏழாவது ஞாயிறு அந்தப் பனிக்கட்டிப் படத்தையே போட்டேன். வந்தது ஒன்பது பேர். அதில் ஒருவர் ஸ்டெல்லா டீச்சர், சர்ச் முடிந்து நேராக வந்தவர், இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் யார் எனக்குப் படம் கொடுப்பான்? உனக்குத் தலையாட்டிய ஆட்டம் என் கையாலேயே முடிந்தது என்று நினைத்தேன். இனிமேல் இந்த பேஜாரே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

கஸ்தூரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எங்க அண்ணன் மாதிரி நீங்க இருக்கணும்னு எவன் கேட்டான்? தப்பு பண்ணிட்டேன்னு ஜனங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். ஆனாலும் மறுநாள் உன் மொபெட்டை எடுத்தேன். அதுவும் உன்னைப் போலத்தான், நாலு உதைக்குப் பிறகே கிளம்பியது. தண்டபாணி வீட்டிலிருந்து ஆரம்பித்து, தப்பு என்னுடையது, மறுபடி ஓட்டு வைக்கிறேன் என்று வீடு வீடாகச் சொன்னேன். மஞ்சள் போக, பழைய மிச்சத்தில் எந்தெந்தக் கலர் எல்லா வீட்டிலும் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். திட்டியவர்களும் டீ கொடுத்துத்தான் திட்டினார்கள்.

கடைசியாக, போளூர் ரோட்டில் ஊரைத் தாண்டித் தனியாக இருக்கிற ஒரு வீடு. அங்கேயும் நீ போவாய் என்று தண்டபாணிதான் சொல்லி அனுப்பினார். கன்னியம்மா என்று ஒரு அம்மாள், நாற்பது வயசு இருக்கும், தறியில் இருந்தார். புருஷன் உள்ளே படுத்த படுக்கை. அதனால் அந்த அம்மாள் தியேட்டருக்கு வந்தே பல வருஷம் ஆகிறதாம். நான் தியேட்டர்க்காரன் என்றதும் முகம் மலர்ந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டார். இந்த வருஷம் ஏகாம்பரம் அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு முறை நீ போய் ஐந்து படத்தின் கதையையும் தறி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாயாம். அவர் கேட்டுக்கொண்டே நெய்வாராம். பிடித்த கதைக்கு நூல் கொடுத்து அனுப்புவாராம். நம் கயிற்றில் வருஷா வருஷம் அவர் ஓட்டும் இருந்திருக்கிறது, பாவி, அதையும் எனக்குச் சொல்லவில்லை.

நீ செத்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை, மச்சான். நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

கதையாவது சொல்லுங்கள் என்றார். எனக்கா கதை சொல்ல வரும்? அக்கா தங்கச்சி படத்தை முன்னுக்குப் பின்னாக உளறிக்கொட்டினேன். முடிவை நடுவிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரு அரக்கு நூலை வெட்டி என் கையில் கொடுத்தார்.

"உங்களுக்கு அண்ணன் மாதிரி சொல்ல வரல. பரவால்ல, கத நல்லா இருக்கு. அவரு ஊர்லேர்ந்து வந்ததும் வரச் சொல்லுங்க, மீதி நாலு கதையும் அவரு வாயால கேட்டுக்கறேன்."

ரோட்டுக்கு வந்து மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

நேற்று மறு ஓட்டு நடந்தது. மைக்கில் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஐந்து படத்துக்கும் எல்லா வீட்டிலும் இருக்கிற கலராகவே மாற்றியிருந்தேன், அக்கா தங்கச்சி படத்துக்குக் கன்னியம்மா கொடுத்த அரக்கு. அதுதான் ஜெயித்தது. வரும் ஞாயிறு மறுபடி போடுகிறேன், தண்டபாணி தெருவோடு வருகிறாராம். ஆட்டம் நிற்காது, நீ நிம்மதியாக இரு.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. நாளைக்குக் காலையில் கன்னியம்மா வீட்டுக்குப் போகிறேன். ஏகாம்பரம் இனி வரமாட்டான் என்று முதலில் சொல்வேன். அழுது முடித்த பிறகு அவர் கேட்டால், மீதி நாலு கதையையும் சொல்வேன். அந்த ரேடியோ ரிப்பேர்க்காரன் கதையையும்தான்.

இப்படிக்கு,
கதை சொல்ல வராத, இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டிய,
உன் தங்கச்சி புருஷன்,
வேலாயுதம்