கடைசி வரை பார்க்காத படம்

போடிநாயக்கனூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ரோஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடிதான் தினமும் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். மும்பையில் மழை விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன், ஈரத் துணியை அறைக்குள்ளேயே காயப் போடாதே, உனக்கு மூச்சு இழுக்கும். இங்கேயும் மலை மெட்டுக்கு மேலே நல்ல மழை, அப்பா விடியும் முன்னே தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் இறங்குகிறார். கடையில் எங்களுக்கும் ஏலக்காய் தரம் பிரிக்கிற சோலி குறையவில்லை, விரல் நுனியெல்லாம் வாசனை, சோற்றிலும் அதே வாசனை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதே போனில் அதைத் திருத்த எனக்கு முகம் இல்லை, அதனால் எழுதுகிறேன். எட்டு நாளாக நீ சாப்பிட்டாச்சு, தூங்கப் போறேன் என்பதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. காரணம் எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

நீ கம்ப்யூட்டரில் ஒரு இடம் செய்து கொடுத்த படம் வந்த மறுநாள் கடையிலிருந்து பதினோரு பேர் தியேட்டருக்குக் கிளம்பினோம். நம் கடையில் வழக்கம் உனக்குத் தெரியும், ஒருத்தி பிள்ளைக்கு நல்லது என்றால் மேசை முழுக்க எழுந்துவிடும். சுருளியம்மாள் அக்கா ராசிங்காபுரத்திலிருந்து பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள், ஏத்தா, ஆகாசத்துக்குப் போற படம்ல, பழசைக் கட்டிட்டா வரச் சொல்ற என்றாள். அரை மணி நேரம் எல்லோரும் அமைதியாகத்தான் இருந்தார்கள். அப்புறம் விண்வெளிக்குப் போன ஆறு பேரும் வழி தவறிவிட்டோம் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து அழுதார்களே தவிர ஒருவரும் ஒரு திருகாணியைத் தொடவில்லை. காளீஸ்வரி சத்தமாகவே, அழுதது போதும், எறங்கித் தள்ளுங்கப்பு, எங்க ஜீப்பு மெட்டுல நின்னா நாங்க அப்பிடித்தான் தள்ளுவோம் என்றாள். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன் ரோஜா. சும்மா இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதோடு போகவில்லை. இடைவேளையில் உனக்கு எட்டாவது வரைக்கும் படம் வரையச் சொல்லிக் கொடுத்த ஞானபாக்கியம் டீச்சர் முறுக்கும் கையுமாக எதிரே வந்தார்கள். ரோஜா வேலை பாத்த படம் இதுதானம்மா என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். பின்னால் நாலைந்து பையன்கள் எவன்டா இதை எடுத்தவன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான், இல்ல டீச்சர், அது வேற படம், இனிமேத்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். சுருளியம்மாள் அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். இடைவேளை முடிந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நான்தான் பஸ்சு போயிரும் என்று எல்லோரையும் கிளப்பினேன். அக்கா மட்டும் எழுந்திரிக்கவில்லை, பிள்ள செஞ்ச எடம் இன்னும் வரலையேத்தா என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நாலு புத்தகம் படித்தவள், நல்லது கெட்டது தெரிந்தவள் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு, ஒரு மட்டமான படத்துக்குப் பக்கத்தில் நிற்க அந்தக் கர்வம் விடவில்லை. உன்னை விட்டுவிட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம், ஒரே நூலகப் புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துச் சண்டை போட்டவர்கள் நாம். நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்ற ஒரே ஆளு நீதாம்மா, பாத்துட்டுச் சொல்லு என்று அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தாய். நானோ, நீ செஞ்ச எடம் அருமை, கடைசியில் உன் பேர் பெரிசா வந்துச்சு, எல்லாரும் கை தட்டினோம் என்றேன். அப்படியாம்மா என்றாய். சரிம்மா, நீ போய்ச் சாப்பிடு என்றாய்.

மனசு கேட்காமல் நேற்றுப் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். மொத்தம் ஏழு பேர். பேர் ஓடுகிற வரைக்கும் ஓட்டுங்கண்ணே என்று ஆபரேட்டர் ஜக்கையன் அண்ணனிடம் கேட்டேன். அதுக்கு முன்னாடியே லைட்டைப் போட்டு நிறுத்திருவோம் தாயி, பேரைப் படிக்க டிக்கெட் எடுத்த மொத ஆளு நீங்கதான் என்று சிரித்துவிட்டு ஓட்டினார். கூட்டுகிற அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றாள். சமைத்தவர்கள் பேர் வந்தது, கார் ஓட்டியவர்கள் பேர் வந்தது, நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பேர்கூட வந்தது. உன் பேர் வரவில்லை. திரை வெள்ளையாகிற வரைக்கும் பார்த்தேன், இல்லை. பேர் விடுபட்டதை நீ அன்றைக்கே பார்த்திருப்பாய், அதைச் சொல்லி அழத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பாய். இல்லாத பேருக்குக் கை தட்டினேன் என்று சொன்ன அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தாயே, அதை நினைத்தால் என் கை கூசுகிறது.

இப்போது கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். படம் நல்லால்லை. கதவு திறந்து சாமான்கள் எல்லாம் வெளியே மிதந்து போகிற உன் இடத்தில் அந்த ஒற்றைச் செருப்பை நான் நம்பினேன், அது கவிழ்ந்து மெதுவாகத் திரும்பியபோதுதான் அங்கே மனுசர்கள் இருந்தார்கள் என்று முதல் தடவையாகத் தோன்றியது. ஆனால் சீப்பும் தட்டும் சட்டையும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, அது சரியில்லை. சாக்கு கிழிந்து மலை ரோட்டில் சிந்தினால் ஒரு காய் உருளுகிற மாதிரி இன்னொரு காய் உருளாது, நீயே பார்த்திருக்கிறாய். அவசரத்தில் செய்ய வைத்திருப்பார்கள். வேலையை விடாதே, ஆனால் பேர் ஏன் விடுபட்டது என்று எழுத்தில் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு.

வெந்நீர் குடி, ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. நீ எடுத்த காரியம் உன் பேரோடு நிலைக்க வேண்டும், நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்டுவதற்காகவாவது கூப்பிடு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். டீச்சர் சர்ச்சிலிருந்து வந்திருப்பார்கள், இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அங்கேதான் போகிறேன், அந்தப் படம் என் மக செஞ்சதுதான் டீச்சர் என்று சொல்ல.

இப்படிக்கு,
உன் அம்மா
சூர்யகலா