நூற்றி நாலு கிலோவுக்கு ஒரு மெத்தை

இஞ்சாருங்கோ,

நான் சிலாவத்தையில அக்கா வீட்டை போறன். சோறும் திருக்கைக் கறியும் குசினியில மூடி வைச்சிருக்கு.

பத்து மணிக்குக் கடைக்காரர் மெத்தை மாத்த வருவினம். போன முறை மாதிரி வெக்கப்பட்டு, "மனுசி அறுபது கிலோ" எண்டு அவிட்டு விடாதேங்கோ. அந்தப் பொய்யாலதான் மெத்தெண்ட மெத்தையைத் தந்தவை. ரெண்டு கிழமையில நடுவில குழி விழுந்து என்ரை இடுப்பும் நாரியும் போச்சுது. நேற்று வாடியில மீன் நிறுக்கிற தராசில ஏறினனான். நூற்றி நாலு. வாடி முதலாளி சம்மாட்டி, "ஐஸ் பாரத்தைக் கழிக்கட்டோ?" எண்டு கேட்டார். எனக்கே வெக்கமில்லை, உங்களுக்கென்ன?

தடிச்ச, இறுக்கமானதா இறக்குங்கோ. தனியப் படுத்துப் பாத்துச் சரியெண்டு சொல்லாதேங்கோ. நீங்கள் படுத்தால் தலகணியே நசியிறேல்லை. பக்கத்து வீட்டு மரியநேசனையும் கூப்பிட்டு ரெண்டு பேருமாப் படுங்கோ. ரெண்டு பேர் சேந்தால்தான் ஒரு நான். நடு தாழ்ந்தால் திருப்பி அனுப்புங்கோ.

பில் அலுமாரிக்குள்ள. பூட்டித் திறப்பை மாதா சுருவத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன்.

ஜெசிந்தா

பி.கு: ஓரத்தில குந்தியும் பாருங்கோ, சரிஞ்சால் வேண்டாம்.

அந்த அறுபது கிலோக் கோவம் இன்னும் போகேல்லை.

இன்னொண்டு: குழி இல்லாட்டி, "நித்திரையில உருண்டு வந்திட்டன்" எண்டு நீங்கள் சாட்டுச் சொல்ல ஏலாது. இனி என்ரை பக்கம் வாறதெண்டால் முழிச்சுக்கொண்டு வாங்கோ.