தண்ணீருக்கு வந்த கொம்பன்

ஃப்ளாக்ஸ்டாஃப்
26 ஜூலை 1988

ராய்ஸுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே தினமும் பிற்பகலில் மழை கொட்டுகிறது. பள்ளி விடுமுறை என்பதால் நான் ஓட்டும் பேருந்தைக் கழுவி நிறுத்திவிட்டு, பீச் பழங்களைப் பாகில் போட்டு ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வேட்டைத் துறையிலிருந்து ஓர் உறை வந்தது. பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து தம்பி வெர்லின் கைக்குப் போய், அவன் இங்கே அனுப்பிவைத்திருக்கிறான். உள்ளே, நவம்பர் மான் வேட்டைக்கு என் பெயரில் அனுமதிச் சீட்டு. நான் விண்ணப்பிக்கவே இல்லை. வெர்லினைக் கேட்டால் சிரிக்கிறான். "ராய்ஸ் மச்சான் வருஷா வருஷம் ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் குலுக்கல்ல போடுறாரு. உனக்குத் தெரியாதா?" என்கிறான்.

நாம் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது, ராய்ஸ். வேட்டைத் துறைக்கு மட்டும் இன்னும் சேர்ந்தா இருக்கிறோம்? என் கையெழுத்தை வேறு நீயே போட்டிருக்கிறாய். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய், அது வேறு விஷயம்.

போன் செய்யாதே. போனில் நாம் எப்படிப் பேசுவோம் என்பது உனக்கே தெரியும். ஏன் இப்படிச் செய்தாய் என்று எழுது, போதும்.

டெல்ஃபா

ஃப்ரெடோனியா
3 ஆகஸ்ட்

அன்புள்ள டெல்ஃபா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் மரமில்லிலிருந்து வந்த அழுக்குக் கையோடே பிரித்துவிட்டேன். கோபமாகத்தான் எழுதியிருக்கிறாய். எழுதினாயே, அதுவே பெரிது.

ஏன் என்று கேட்டால், சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள். போன வருடத் தாளைப் பார்த்து அப்படியே எழுதுவேன், அதில் உன் பெயரும் இருக்கும். அடித்துவிட்டுத் தனியாக எழுதக் கை வரவில்லை. எப்படியும் கிடைக்கப்போவதில்லை என்றும் நினைத்தேன். ஸ்ட்ரிப் என்கிற இந்த வெட்டவெளியில் ஒரு நவம்பர் வேட்டை கிடைக்காதா என்று ஏங்கியே கண்ணை மூடியவர்கள் நம் ஊரில் குறைவா?

நீ வராவிட்டாலும் என் சீட்டு செல்லும். ஆனால் நீ இல்லாமல் போக எனக்கு மனமில்லை. என்னைவிட நீதான் நன்றாகச் சுடுவாய், அதை ஊர் முழுக்க ஒப்புக்கொள்ளும். அங்கே வேலி கிடையாது, காவல் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எல்லோருக்கும் சொந்தமான நிலம், எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். கடைசி முறையாக என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ராய்ஸ்

ஃப்ளாக்ஸ்டாஃப்
21 ஆகஸ்ட்

ராய்ஸுக்கு,

உன் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வேறு வேலை பார்த்தேன். வருகிறேன். ஏன் என்று என்னையே கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பக்கம் பைன் மரமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் சேஜ் புதரும் வெட்டவெளியுமாகப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. காரணம் அதுவாகவே இருக்கட்டும்.

ஆனால் என் பேச்சைக் கேட்க வேண்டும். கூடாரம் இரண்டு. நான் வெர்லினோடு வந்து இறங்குவேன், திரும்பும்போதும் அவன் வந்து கூட்டிப்போவான். பழையதைப் பேசக் கூடாது. அப்புறம், மேற்கே அந்தப் பழைய முகாம் பக்கம் வேண்டவே வேண்டாம். எனக்குப் பிள்ளை வலி கண்டபோது வெர்லின் உன்னைத் தேடி வந்த இடம் அது. அந்த வழியாகக்கூட வண்டியை விடாதே.

தண்ணீர்ப் பீப்பாய்களை நீ பார்த்துக்கொள். உபரி டயர் ஒன்று போதும் என்று சொல்வாய், இரண்டு எடு. எப்போதும் ஒன்றோடு போய் நடுவழியில் நிற்பது உன் வழக்கம்.

டெல்ஃபா

ஃப்ரெடோனியா
9 அக்டோபர்

அன்புள்ள டெல்ஃபா,

நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சரி. டயர் இரண்டு வாங்கியாயிற்று.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக இடம் பார்த்து வருகிறேன். மேற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிழக்கே, மேட்டு விளிம்புக்குக் கீழே, காட்டு மிருகங்களுக்காக அரசாங்கம் கட்டிய மழைநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இந்த வருடம் இங்கே மழை ஏமாற்றிவிட்டதால் சுற்று வட்டாரத்தில் அதில் மட்டும்தான் தண்ணீர். சேற்றில் குளம்புத் தடங்களைப் பார்த்தேன். நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன், ஒன்று அதையும் தாண்டியது. போன ஞாயிறு பொழுது சாயும்போது அவனையே பார்த்துவிட்டேன். கழுத்து காளைமாடு மாதிரி. கொம்பு இரு காதுகளையும் தாண்டி வெளியே போகிறது. இப்படி ஒரு கொம்பன் மானை வாழ்க்கையில் பார்த்ததில்லை, டெல்ஃபா.

காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகிறது. நீ தொட்டிக்கு வடக்கே, கீழே சரிவில் ஜூனிப்பர் மரங்களுக்குள் இரு. நான் விளிம்புமேல் இருக்கிறேன். எந்தப் பக்கம் வந்தாலும் நம் இருவரில் ஒருவர் கண்ணில் படாமல் போக முடியாது. உனக்கு வாய்த்தால் நீ சுடு, நான் தோலுரித்துச் சுமக்கிறேன். மழை பெய்தால் பாதை களிமண்ணாகிவிடும், சக்கரத்துக்குச் சங்கிலியும் எடுத்துவைத்திருக்கிறேன். இரும்புச் சட்டி என்னிடம். பீன்ஸ் மட்டும் நீ செய், நான் செய்தால் கல் மாதிரி இருக்கிறது.

மாறிவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். வந்து பார்.

ராய்ஸ்

ஃப்ரெடோனியா
30 நவம்பர்

என் அன்புள்ள டெல்ஃபா,

கால் எப்படி இருக்கிறது? கட்டு இறுக்குகிறதா? கொஞ்ச நாளைக்குப் பேருந்து ஓட்ட முடியாது என்று வெர்லின் சொன்னான். உன்னை அந்தச் சரிவுப் பக்கம் உட்காரச் சொன்னவன் நான்தான், அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மருத்துவமனையிலிருந்து நான் திரும்பி வந்ததும் மில்லில் கேலி தாங்கவில்லை. கொம்பன் தொட்டியில் குனிந்து குடிக்கிறான், துப்பாக்கி தோளில் இருக்கிறது, கீழே கல் சரியும் சத்தமும் உன் சத்தமும் கேட்டு நான் துப்பாக்கியை வீசிவிட்டு இறங்கி ஓடினேன் என்று வெர்லின் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். "மானை விட்டுட்டுப் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்தவன் இவன்தான்" என்று புதிய ஆட்களுக்குக் காட்டுகிறார்கள். முன்னாள் மனைவி என்று நான் திருத்தவில்லை.

கொம்பனுக்காக எனக்கு வருத்தமே இல்லை. நம்பு. அந்த நாலு நாள் போதும். நீ தீ மூட்டிக்கொண்டு பாடினாயே, அது போதும்.

கிறிஸ்துமஸுக்கு வாயேன். பின்னறையைச் சுத்தம் செய்திருக்கிறேன். படியே ஏற வேண்டாம்.

உன்,
ராய்ஸ்

ஃப்ளாக்ஸ்டாஃப்
12 டிசம்பர்

அன்புள்ள ராய்ஸ்,

கால் தேறிவருகிறது. அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கவலைப்படாதே.

பழையதைப் பேசக் கூடாது என்று நான்தான் சொன்னேன். இன்று நானே பேசுகிறேன். இது ஒரு தடவைதான்.

அந்த வருடம் வெர்லின் உன் முகாமுக்கு வந்து என்ன சொன்னான் என்பதும், நீ என்ன சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். "மச்சான், அக்காவுக்கு வலி வந்துருச்சு, ரத்தமா போகுது, வண்டில ஏறு" என்றான். நீ, "இன்னைக்குச் சாயங்காலம் தண்ணிக்கு வருவான். அது முடிஞ்சதும் கிளம்பிடறேன், நீ முன்னால போ" என்றாய். அன்று மான் வரவில்லை. மறுநாளும் இருந்தாய். நீ வீட்டுக்கு வந்தபோது குழந்தையைப் புதைத்துவிட்டிருந்தோம்.

அதற்குப் பிறகும் உன்னோடு நான் எப்படி அத்தனை வருடம் இருந்தேன் என்று என் தங்கை கேட்பாள். எனக்குள் ஒரு பதில் இருந்தது. மான் கண்ணில் பட்டுவிட்டால் இவனுக்கு வேறு எதுவும் காதில் விழாது, இவனால் முடியாது, சிலருக்குக் குடி மாதிரி இவனுக்கு இது. முடியாதவன்மேல் எத்தனை நாள் கோபப்படுவது? அப்படிச் சொல்லிச் சொல்லி உன்னை மன்னித்து வைத்திருந்தேன். பிரிந்துபோனபோதுகூட அதை உடைக்கவில்லை.

இந்த நவம்பரில் நீ கல்லும் முள்ளும் பாராமல் இறங்கி வந்தாய். உன் மேல்சட்டையை எனக்குப் போர்த்தினாய். வண்டிவரைக்கும் சுமந்தாய். வழியெல்லாம், "ஒண்ணுமில்ல டெல்ஃபா, நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு அழுகை வந்தது. கால் வலிக்கிறது என்று நினைத்து வண்டியை மெதுவாக ஓட்டினாய்.

உன்னால் முடியும், ராய்ஸ். முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது. அன்றும் முடிந்திருக்கும். உனக்கு நான் வைத்திருந்த மன்னிப்பு இதைத் தாங்கவில்லை. நீ எனக்குச் செய்ததிலேயே மிக நல்ல காரியம் இது. அதுவே என்னை உன்னிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டேன். இனி எப்போதும் வர மாட்டேன். எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று செய். ஊர் இடுகாட்டில், வடக்கு வேலி ஓரம் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் அவள் இருக்கிறாள். இத்தனை வருடம் அந்த ஊரிலேயே இருந்தும் நீ ஒருமுறையும் அங்கே போனதில்லை. அவளுக்கு என்ன பெயர் வைத்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. சின்னக் கல்தான், பெயர் அதில் வெட்டியிருக்கிறது. பனி மூடுவதற்கு முன் போய்ப் படித்துவிட்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்ஃபா