இருபத்தாறு அவுன்ஸ் பேட்

ஏப். 3, வியாழன்

காலையிலேயே புழுக்கம். டெக்சாஸில் எங்கள் கேட்டியில் ஏப்ரலுக்கே இந்தக் கதி.

ஆபீஸ் சாஃப்ட்பால் டீமில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பேஸ்பாலுக்குத் தங்கை மாதிரி ஒரு ஆட்டம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் லீக். பெண்கள் தலை குறைந்தால் டீமுக்கு நஷ்டமாம். கேப்டன் டெனிஸ் சொன்னாள்: "யூ ஜஸ்ட் ஹாவ் டு ஷோ அப்." வந்து நின்றால் போதுமாம். நான் என்ன கொலுப் பொம்மையா? காலேஜில் த்ரோபால் ஆடியவள். ஒரு பந்தையாவது அடித்துவிட்டு ஓடி, மூலையில் போட்டிருக்கும் பேஸ் மெத்தையில் போய் நிற்க வேண்டும்.

வாங்க: தயிர், கறிவேப்பிலை, பேட்.

ஏப். 5, சனி

பேட் வந்துவிட்டது. நான் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் முரளி ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுகிறவர். அதனால் உலகத்து மட்டைகளுக்கெல்லாம் அவர்தான் அத்தாரிட்டி. என்னைக் கேட்காமலே வாங்கி, ரிப்பன் வேறு கட்டி. முப்பது அவுன்ஸ். முனையில் கனம்.

"கனமா இருந்தாதான்மா பால் பறக்கும்."

பேக்யார்டில் சுற்றிப் பார்த்தேன். மகள் நிலா போனிலிருந்து தலை தூக்கி, "அம்மா, தி பேட் இஸ் ஸ்விங்கிங் யூ."

நன்றாயிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வேறென்ன சொல்ல.

ஏப். 10, வியாழன்

முதல் மேட்ச். நல்ல காற்று. எதிர் டீம் போடும் பந்து மேலே போய் மெதுவாகத்தான் இறங்குகிறது. ஆனாலும் நான் சுற்றி முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் கேட்சர் கையில். இரண்டு முறை அவுட்.

மூன்றாம் முறை டெனிஸ் தன் பேட்டை நீட்டினாள். இருபத்தாறு அவுன்ஸ். பட்டது. தரையோடு ஓடியது பந்து. நானும் ஓடினேன், பேட்டோடு. வேலிக்கு அந்தப்பக்கம் முரளி: "பேட்ட விடாத, நீட்டி வை, வை."

வைத்தேன். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த புத்தி. குனிந்து பேட்டை பேஸ் மேல் வைத்தேன், கால் ஒரு முழம் பின்னால். அதற்குள் பந்து வந்துவிட்டது. அம்பயர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மேம், ஐ நீட் யுவர் ஃபுட்."

அவுட். இங்கே கால் தொட்டால்தான் கணக்காம். மானம் போயிற்று. ஆனால் பந்து பட்ட அதிர்வு உள்ளங்கையில் இன்னும்.

ஏப். 12, சனி

சொல்லிவிட்டேன். காபி கொடுத்த கையோடு.

"இது எனக்கு ஒத்து வரலைங்க. மாத்திடலாம்."

"லைட் பேட்ல என்னம்மா அடிக்க முடியும்?"

"அன்னிக்கு அடிச்சது எதுல?"

கார் சாவியை எடுத்தார். ஃப்ரீவே முழுக்க ரேடியோவில் பழைய பாட்டு, சத்தமாக. ஒரு பந்துகூடப் படாத பேட், கடையில் மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை நானே எடுத்து, நானே சுற்றி, லீக் அனுமதித்த பேட் என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து. இருபத்தாறு. பிடி மெலிசு. நிறம் கண்றாவி, பச்சையும் ஆரஞ்சும். போகட்டும்.

திரும்பும்போது அவர்: "கோவம்லாம் இல்ல. ஆசையா வாங்கினேன், அதான்."

தெரியும். அதனால்தான் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

ஏப். 17, வியாழன்

இட்லிக்கு ஊறப்போட மறந்தேன். மேட்ச் ஞாபகம்.

முதல் இரண்டும் கேட்ச். பரவாயில்லை, பட்டதே. கடைசி முறை இரண்டு பேருக்கு நடுவில் போனது. டெனிஸ் ஏதோ கத்தினாள், காதில் விழவில்லை. வேலிப்பக்கக் குரல் மட்டும் விழுந்தது.

"விடு, விடு, பேட்ட விடு."

விட்டேன். கை காலி. ஓடினேன்.

அம்பயர் பேஸ் மேல் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். சேஃப்.