பழைய டிஸ்க்கை அழித்த வாரம்

3 பிப்ரவரி 2025, திங்கள்

பல்லக்கு முடிந்துவிட்டது. பதினொரு நாள் வேலை.

இத்தனை வருடமும் பிறர் கொண்டுவரும் படத்தைப் பார்த்துத்தான் பஞ்சிங் செய்திருக்கிறேன். எம்பிராய்டரி மெஷினின் ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எங்கே மாற வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் போடும் வேலை. இது மட்டும் நானே வரைந்தது. கல்யாண ரவிக்கையின் கைக்கு. நாலு பேர் பல்லக்கைத் தூக்கிப் போகிறார்கள். கடைசி ஆள் திரும்பிப் பார்க்கிறான். ஏன் திரும்பினான்? எனக்கே தெரியாது, கை அப்படிப் போட்டுவிட்டது.

இங்கே மும்பையில், தாதரில் கல்யாணத் துணிக்கடை வைத்திருக்கும் ஸ்மிதா மேடத்துக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இதைத் துணியில் தைத்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் இந்த சீசன் டிசைன் எல்லாம் நான்தான் போடுவேன். உட்காரவே முடியவில்லை எனக்கு.

4 பிப்ரவரி, செவ்வாய்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். சின்னதில் விண்டோஸ், பஞ்சிங் சாஃப்ட்வேர், என் டிசைன்கள். பெரியது பழசு, முன்னால் இந்தக் கம்ப்யூட்டரை வைத்திருந்தவரின் சினிமாப் படங்கள்தான் அதில். இடம் வேண்டுமே என்று காலையில் அதை அழித்தேன். ஒரு சின்னப் பகுதி மட்டும் அழியவில்லை. சிஸ்டத்துக்கு வேண்டியது, அழிக்கக் கூடாது என்று விண்டோஸ் சொன்னது. எனக்கா தெரியாது என்று வேறொரு டூலை இறக்கி அதையும் அழித்தேன். மதியம் ஆஃப் செய்து ஆன் செய்தால் கறுப்புத் திரை. பூட் ஆக எந்த டிஸ்க்கும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

பல்லக்குக்கு இன்னொரு காப்பி கிடையாது. பென்டிரைவ் மேஜையிலேயே இருந்தது — போட்டேனா? போடலை. கழுதை.

5 பிப்ரவரி, புதன்

நானும் வீட்டுக்காரரும் ஸ்டேஷன் பக்கம் ரிப்பேர் கடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போனோம். கடைக்காரர் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஃபார்மேட் மார்னா படேகா, மேடம்" என்றார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவாராம். டிசைன் போய்விடும். சாஃப்ட்வேரும் போய்விடும், அதைப் போட்டுக் கொடுத்தவர் ஊரைவிட்டே போய் வருடம் இரண்டாகிறது.

நான் கம்ப்யூட்டர் பொட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பேச்சிராஜாவுக்குக் கோபம்.

"ஏட்டி, அவரு இதே தொழிலா இருக்காரு. நீ என்னத்தக் கண்ட?"

"ஒரு நா குடுங்க. நானே பாக்கேன்."

வீடு வரும்வரை முணுமுணுத்தார். ஆனால் பொட்டியைத் தூக்கி வந்தது அவர்தான்.

மாடியில் இருக்கும் அதீபா வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். எல்லாம் கேட்டுவிட்டு அமைதியாக ஒன்று சொன்னாள். "அக்கா, நீங்க அழிச்சது பெரிய டிஸ்க்கத்தான? அப்ப ஒங்க டிசைன் எங்க போவும்?"

அந்த நொடியில் எனக்கு மூச்சு வந்தது. டிசைன் சின்ன டிஸ்க்கில் அப்படியேதானே இருக்கும், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அவள் லேப்டாப்பிலேயே தேடினோம். ஒரு ஹிந்தி வீடியோவில் என் கதையை அப்படியே சொல்கிறார் ஒருவர். விண்டோஸ் போடும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்னப் பகுதி சில சமயம் மற்ற டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுமாம். நான் பிடிவாதமாக அழித்தது அதைத்தான். விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. எழுப்பத்தான் ஆள் இல்லை.

பென்டிரைவில் விண்டோஸ் செட்டப் ஏற்றித் தந்தாள்.

6 பிப்ரவரி, வியாழன்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்தது. இன்ஸ்டால் பக்கமே போகாமல் ரிப்பேர் என்பதை அமுக்கினேன். தானாகச் சரி செய்யப் பார்த்து, முடியவில்லை என்றது. பிறகு கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைக்குப் போனேன். காலியான பெரிய டிஸ்க்கில் சின்னதாக ஒரு பகுதி உண்டாக்கினேன். அங்கே தவறு செய்தாலும் இழக்க எதுவும் இல்லையே. பூட் ஃபைல்களை அதில் எழுதச் சொல்லிக் கடைசிக் கட்டளையை அடித்தேன்.

தோல்வி. இரண்டாம் முறையும் தோல்வி. நாலு முறை.

அழுகை வந்தது. அடுப்பில் சோறு வேறு குழைந்துபோச்சு. அவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் பின்னால் நின்றார்.

நான் ஒவ்வொரு டிஸ்க்காகத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. எப்போதும் C என்று இருக்கும் விண்டோஸ் டிஸ்க் இந்த ரிப்பேர் திரையில் D ஆகியிருக்கிறது! நான் விண்டோஸே இல்லாத இடத்தைப் பார்த்து எழுந்திரு எழுந்திரு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஒரு எழுத்தை மாற்றினேன். பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று வந்தது. பென்டிரைவை உருவிவிட்டு ஆன் செய்தேன்.

நீல வெளிச்சம். என் டெஸ்க்டாப். பல்லக்கு.

முதல் வேலையாக மூன்று பென்டிரைவில் காப்பி. அதீபாவைக் கூப்பிட மாடிக்கு ஓடியதில் முழங்கால் இடித்துக்கொண்டது. வலியே தெரியவில்லை. அவர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டிட்டி கண்டுபிடிச்ச?" என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், என் வேலையைப் பற்றி அவர் இத்தனை நேரம் கேட்டது இன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு எம்பிராய்டரி மெஷின் பல்லக்கைத் தைக்கத் தொடங்கியது.

7 பிப்ரவரி, வெள்ளி

பதினொன்றே முக்காலுக்குத் தாதர் போய்ச் சேர்ந்தேன். ஸ்மிதா மேடம் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பிப் பார்க்கும் ஆளை விரலால் தொட்டார். இவனை யார் வரைந்தது என்று ஹிந்தியில் கேட்டார்.

நான்தான் என்றேன்.

18 மே, ஞாயிறு

இன்றைக்குத் தாதரிலிருந்து வரும்போது லேடீஸ் பெட்டியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. ஏழு பெண்கள், ஏழு பேருக்கும் ஒரே மாதிரி ரவிக்கை. ஏப்ரலில் ஸ்மிதா மேடத்துக்கு நான் போட்டுக் கொடுத்த கிளிகள், கைக்கு இரண்டு கிளி, மொத்தம் பதினான்கு கை. கம்பியைப் பிடிக்க அவர்கள் கையை உயர்த்தியபோது கிளிகளும் மேலே போயின.

ஒருத்தியிடமாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். சயானில் இறங்க வேண்டியவள், அதைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன் குர்லாவில் இறங்கினேன்.