பம்பாய்ப் பொடி

12-8-94
குழப்பமாக இருக்கிறது. முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.
1. மகன் சிவகணேஷ் குடிக்கும் பொடி புரதம்தானா?
2. ஆமெனில், நம் வீட்டுச் சாப்பாட்டில் இல்லாத எது அதில் இருக்கிறது?
3. அது இல்லாமல் உடம்பு ஏறாதா?
4. விடை எதுவானாலும் அவன் அம்மா பாலம்மாளிடம் சொல்லக் கூடாது. பயந்தவள், தாங்கமாட்டாள்.
நான்காவது கேள்வியே அல்ல. இருக்கட்டும்.

அக்டோபரில் மாவட்ட ஆணழகன் போட்டி. போன வருஷம் முதல் சுற்றிலேயே மகனை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்த முறையும் தோற்றால் அதோடு விட்டுவிடுவானாம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு எதுவும் அவள் வழியாகத்தான் வரும். காலமெல்லாம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவனிடம் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

20-8-94
பேட்டைக்குப் போய், ஜிம் நடத்திக்கொண்டு இந்தப் பொடியையும் விற்கும் தாவூதைப் பார்த்தேன். வாசலிலேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது. டின்னில் ஒரு எழுத்துகூட இல்லையே என்றேன்.

“பால்ல எடுக்குததுன்னு பம்பாய்க்காரன் சொல்லுதான் சார். நான் கண்டனா? கெமிஸ்ட்ரி படிச்ச நீங்க என்கிட்ட வந்து கேக்கிய! ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க. சட்டைக்குள்ள ஆள் இருக்கது வெளிய தெரியும்.”

எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தூக்கியதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

3-9-94
நூலகத்தில் உணவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. உடம்புக்குத் தேவையானதற்கு மேல் தின்னும் புரதம் தசையாகாதாம், யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுமாம். பருப்பு, பால், கடலையே ஏறக்குறையப் போதும் என்று தெரிகிறது. ஆனால் அவன் புஜம் பெருத்திருக்கிறதே! பொடியாலா, தூக்கும் இரும்பாலா? பொடி தொடங்கிய மாதமே எடையையும் கூட்டியவனிடம் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? புத்தகமும் பழையது.

30-9-94
சூரத்தில் பிளேக். பம்பாய்ப் பக்கத்துப் பார்சல் எதுவும் வரவில்லை. டின்னில் பொடி அடியைத் தொட்டுவிட்டது. “பொடி இல்லாம மேடை ஏறி அசிங்கப்படணுமா? நான் போகல” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

7-10-94
பாலம்மாள் பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தாள். டின்னைச் சுரண்டி எடுத்துப் பால் சட்டியில் தண்ணீர் விட்டுக் கரைத்து அடுப்பில் வைத்தேன். பால் பொடியானால் கரைந்தபடியே கொதிக்க வேண்டும்.

வெள்ளையாகத் திரண்டது. கந்தக வாடை வேறு.

முட்டை. முட்டையின் வெள்ளைக்கரு — இந்தச் சைவ வீட்டில்! தினமும் காலையில் அந்த டம்ளரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, திருநீறு பூசிவிட்டுத்தான் அவனுக்குக் கொடுப்பாள்.

சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். வாடை போயிற்றா? என் மூக்கை நம்ப முடியவில்லை.

முட்டையே போதும் என்று மகனிடம் சொல்லலாம். குமட்டிக்கொண்டு அடியோடு விட்டுவிட்டால்? சொல்லாவிட்டாலும் போகமாட்டான். பாலம்மாளிடமோ — அய்யோ, வேண்டாம்.

8-10-94
பால் சட்டியைக் காணோம். கேட்கத் தைரியமில்லை.

15-10-94
நேற்றோடு கொலு முடிந்தது. இன்று காலை புறவாசலில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியும் சத்தம். போய்ப் பார்த்தேன். காணாமல் போன சட்டி. உள்ளே முட்டைகள் உருண்டுகொண்டிருந்தன. பாலம்மாள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க முழிக்கிய? சின்னப்பிள்ளைல எனக்கு இளைப்பு வந்து டாக்டர் சொல்ல, எங்க ஐயா மூக்கைப் பிடிச்சுப் பச்சமுட்டை ஊத்துனாங்க. அந்த வாடை மறக்குமா? நீங்க தேச்ச லட்சணம்!”

“கொலு முடியட்டும்னு இருந்தியா?”

“பின்னே? இது இனிமே உள்ள வராது, இங்கனயே கிடக்கும்.”

மகனைக் கூப்பிட்டாள். “ஏலே, இத்தனை நாளும் நீ குடிச்சது இதைத்தான். உங்கப்பா காய்ச்சிக் கண்டுபிடிச்சிருக்காவ.”

அவன் முகம் கோணியது. “நெசமாப்பா?” என்றான். என்னிடம்! தலையசைத்தேன்.

“எனக்குத் தொண்டைல இறங்காதும்மா.”

“பொடியா வந்தப்போ இறங்குச்சு. ஓட்டோட வந்தா இறங்காதோ? தின்னுலே!”

கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அப்புறம் மஞ்சளையும் தின்னலாமா என்று என்னைக் கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

24-10-94
நேற்று மேடை ஏறினான். மூன்றாவது பரிசு. தாவூதிடம் புதுப் பார்சல் வந்துவிட்டதாம், இவன் வாங்கவில்லை.

முதல் கேள்விக்கு விடை: ஆம். இரண்டாவதற்கு: முட்டை. மூன்றாவது இன்னும் தெரியவில்லை. ஒரு வாரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் அளந்து பார்ப்போமாப்பா என்கிறான்.

நான்காவது தவறு. இந்த வீட்டில் பயந்தவள் பாலம்மாள் இல்லை.